ஆறாவது ஆள்

டால்படில். இங்கிலாந்தின் தெற்கே, டார்செட் பகுதியில் ஒரு குட்டி கிராமம். ஒரு சர்ச், கொஞ்சம் வீடுகள், நடுவே ஒரு பெரிய சிகமோர் மரம். அவ்வளவுதான் ஊர்.

1830-களின் தொடக்கத்தில் இங்கே பண்ணைக் கூலி வாரத்துக்கு 9 ஷில்லிங். அது எட்டாச்சு. அப்புறம் ஏழாச்சு. அடுத்து ஆறுதான் என்றார்கள் பண்ணையார்கள். ஏழிலேயே வாடகைக்கும் ரொட்டிக்கும் இழுபறி. ஆறில் எப்படிப் பிள்ளை வளர்ப்பது?

ஜார்ஜ் லவ்லெஸ் என்பவர் யோசித்தார். வாரம் முழுக்க ஏர் ஓட்டுவார், ஓய்வு நேரத்தில் மெதடிஸ்ட் பிரசங்கி. அடிதடி வேண்டாம், சங்கம் வைப்போம் என்றார். 1833-ல் சங்கம் பிறந்தது. யூனியன் வைக்கக்கூடாது என்ற தடையை 1824-லேயே நீக்கியாச்சு. ஆகவே பயமில்லை. ஆனால், சேருகிறவர்களின் கண்ணைக் கட்டி, எலும்புக்கூடு படத்தின் முன்னால் நிறுத்தி, ரகசியச் சத்தியம் வாங்கினார்கள். கொஞ்சம் நாடகத்தனமான சடங்கு. அதுதான் வினையானது.

உள்ளூர் மாஜிஸ்ட்ரேட் ஜேம்ஸ் ஃப்ராம்ப்டன். அவரே பெரிய நிலச்சுவான்தார். அப்புறம் கேட்பானேன்? உள்துறை அமைச்சர் மெல்போர்ன் பிரபுவுக்குக் கடிதம் பறந்தது. சங்கம் வைத்ததற்காக உள்ளே தள்ள முடியாது. தேடியதில், கடற்படைக் கலகத்தை ஒட்டி 1797-ல் போட்ட ஒரு சட்டம் அகப்பட்டது. சட்டவிரோதமாகச் சத்தியம் வாங்குவது குற்றம்! மாலுமிகளுக்கு வைத்த பொறியில் ஏர் ஓட்டுகிறவர்கள் மாட்டினார்கள்.

1834 பிப்ரவரி 24. ஆறு பேர் கைது. மார்ச்சில் தீர்ப்பு. ஏழு வருடம் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தல். இங்கே அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு ஏழை நிவாரணமும் மறுக்கப்பட்டது. அது எந்தச் சட்டமோ!

லண்டன் கொதித்தது. ஏப்ரலில் பிரமாண்டமான ஊர்வலம், இரண்டு லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்ட மனு. 1836-ல் அரசு மன்னித்தது.

ஆறு பேரில் ஜேம்ஸ் ஹேமட்டைத்தான் மறக்க முடியவில்லை. சத்தியம் நடந்தபோது அவர் அங்கே இல்லவே இல்லை. இருந்தவர் அவருடைய சகோதரர் ஜான் என்கிறார்கள். ஜானின் மனைவி பிள்ளைத்தாய்ச்சி. ஹேமட் வாயைத் திறக்கவில்லை. போலீஸோடு நடந்தார். ஆஸ்திரேலியாவில் தன்னை ஒரு பவுண்டுக்கு அடிமை மாதிரி விற்றார்கள் என்று பல காலம் கழித்து ஒரு கூட்டத்தில் சொன்னார்.

மன்னிப்பு வந்தும் அவர் ஊர் திரும்ப 1839 ஆயிற்று. மற்ற ஐந்து பேரும் பிற்பாடு கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஹேமட் மட்டும் டால்படிலில் தங்கி, கட்டட வேலை பார்த்துப் பிழைத்தார். வயதான காலத்தில் கண் தெரியவில்லை. வீட்டாருக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று டார்செஸ்டர் ஏழைகள் விடுதிக்குத் தானே போய்ச் சேர்ந்தார். 1891-ல் அங்கேயே இறந்தார்.

டால்படிலில்தான் புதைத்தார்கள். அவர் கல்லறைக்கு ஒரு நினைவுக்கல் வந்தது 1934-ல். தொழிற்சங்கங்கள் வைத்தது.