ஆற்றுப்படையிலிருந்து செய்மதி வரை: புத்தளக் கரையில் வழியறிவின் வரலாறு

கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளம் நோக்கிச் செல்லும் நெடுந்தூர லொறிச் சாரதிக்கு வழிகாட்டுவது யாது? கையடக்கத் தொலைபேசியின் திரையில் தோன்றும் ஜீ.பீ.எஸ். என்னும் செய்மதி வழிகாட்டியே என இன்று பலரும் விடை கூறுவர். அவ்விடை தவறன்று, ஆயினும் முழுமையானதன்று. வழியறிவு உழைப்பின் ஒரு கூறாகும். அது முன்னர் யாருடைய உடைமையாக இருந்தது, இன்று யாருடைய கைக்கு மாறுகின்றது என்பதைப் புத்தளக் கரையோர வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழி கூறுதலை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தவர்கள் தமிழர். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளாக அமைந்துள்ளன. திருமுருகாற்றுப்படை ஒழிந்த ஏனைய நான்கிலும் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையுற்ற மற்றொரு கலைஞனுக்கு வழியையும், வழியிலுள்ள ஊர்களையும், அங்குக் கிடைக்கும் உணவையும் எடுத்துரைக்கின்றான். வழியறிவு இங்கு ஒத்த நிலையினரிடையே கைமாறுகின்றது என்பது நோக்கற்பாலது. பெரும்பாணாற்றுப்படையிலே உப்பு வண்டிகளோடு செல்லும் உமணரும் இடம்பெறுகின்றனர். உப்பு விளையும் புத்தளத்திலிருந்து இன்று சுமையேற்றிச் செல்லும் சாரதிகளை அவ்வுமணரின் தொழில்வழி வாரிசுகள் எனக் கொள்வதில் தவறில்லை.

கடல்வழியிலும் இதே நிலையைக் காண்கிறோம். 1344ஆம் ஆண்டில் இபுனு பதூதா மாலைதீவிலிருந்து மாபார் எனப்பட்ட தமிழகக் கரை நோக்கிப் புறப்பட்டார். கப்பலில் தேர்ந்த மாலுமி இல்லாமையால் மூன்று நாட் பயணம் ஒன்பது நாட்களாக நீண்டு, ஈற்றில் இலங்கைக் கரையிலே முடிந்தது. அவர் ‘பத்தாலா’ எனக் குறிப்பிடும் துறையைப் புத்தளம் என ஆய்வாளர் கொள்வர். அங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தி, பாவாத மலைக்குச் செல்ல விரும்பிய அவருக்கு ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செல்லும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், பரிவாரத்தினர் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர் ஆகியோரைத் துணையாக அனுப்பினான். உலகப் பயணியின் பெயர் நிலைத்தது. வழி காட்டியோரின் பெயர்கள் நிலைக்கவில்லை.

ஒல்லாந்தர் காலத்தில் 1667ஆம் ஆண்டளவில் கற்பிட்டிக் கோட்டையின் கட்டுமானம் தொடங்கியது. கொழும்பு, நீர்கொழும்பு, புத்தளம் ஆகியவற்றை இணைத்த நீர்வழியும் வணிகத்திற்குப் பயன்பட்டது. ஆட்சியாளருக்கு வேண்டியிருந்தது ஏட்டில் எழுதப்பட்ட இட அறிவு. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் வெளியிட்ட இலங்கை இடவிவர அகராதி இவ்வகையில் முக்கியமானது. மக்கள் நாவில் வழங்கிய ஊர்ப்பெயர்களும் செய்திகளும் அதன்வழி அச்சேறின. ஆங்கிலத்தில் எழுதப்பட்டமையால், அவ்வறிவுக்கு உரியவர்களாயிருந்த வண்டிக்காரரும் ஓடக்காரரும் அந்நூலின் வாசகராக இருக்கவில்லை.

லொறிகளின் காலத்திலும் வழியறிவு நெடுங்காலம் வாய்மொழி மரபாகவே வாழ்ந்தது. முந்தல், மதுரங்குளி, பாலாவி என ஊர்களை அடுக்கிச் சொல்வதும், கற்பிட்டிக்கும் நுரைச்சோலைக்கும் பாலாவியில் திரும்ப வேண்டும் என்பதும், எந்தத் தேநீர்க்கடையில் இரவிலும் விளக்கு எரியும் என்பதும் சாரதியிடமிருந்து உதவியாளனுக்குக் கைமாறிய பாடங்களாகும். உதவியாளன் சாரதியாக உயர்வதற்கு வாகனம் ஓட்டும் திறனோடு இவ்வறிவும் வேண்டியிருந்தது.

செய்மதி வழிகாட்டியின் பிறப்போ முற்றிலும் வேறானது. ஐக்கிய அமெரிக்காவின் பாதுகாப்புத் திணைக்களம் போர்த் தேவைக்காக அமைத்த இவ்வொழுங்கின் முதற் செய்மதி 1978இல் ஏவப்பட்டது. 1995இல் அமைப்பு முழுமையுற்றது. பொதுமக்களுக்குரிய சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழை 2000ஆம் ஆண்டு மே மாதம் நீக்கப்பட்ட பின்னரே அது வீதிப் பயணத்திற்கு நன்கு பயன்படலாயிற்று. கருவி குறைந்தது நான்கு செய்மதிகளின் நேரக் குறிப்பைப் பெற்றுத் தன் இடத்தைத் தானே கணிக்கின்றது. இடத்தைக் கூறுவது செய்மதியின் பணி. எது வழி எனக் கூறுவது வரைபடத்தின் பணி. இவ்வேறுபாட்டை மறக்கலாகாது.

புத்தளத்துக்கும் மன்னாருக்கும் இடைப்பட்ட பழைய பாதை இதற்குத் தக்க சான்றாகும். வரைபடத்தை நோக்கின், எலுவன்குளம் ஊடாகச் செல்லும் அப்பாதையே குறுகியது. ஆனால் அது 1938இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட வில்பத்துக் காட்டை ஊடறுக்கின்றது. மாரியில் கலா ஓயா பெருகினால் எலுவன்குளத்துத் தாழ்பாலம் நீரில் மூழ்கும். யுத்த காலத்தில் மூடப்பட்டிருந்த அப்பாதை 2010இல் திறக்கப்பட்டபோது, காட்டைக் காக்க வேண்டுமெனச் சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்தை நாடின. மறுபுறம், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தஞ்சம் புகுந்த முஸ்லிம் மக்களுக்கு அது ஊர் திரும்பும் குறுவழியாக இருந்தது. அநுராதபுரம், மதவாச்சி வழியாகச் சுற்றிச் செல்வது அவர்களுக்கு நேரமும் பணமும் ஆகும். திரையில் ஒரு கோடாகத் தெரிவது உண்மையில் காட்டின் பிரச்சினையாகவும், வெள்ளத்தின் பிரச்சினையாகவும், இடம்பெயர்ந்தோரின் பிரச்சினையாகவும் உள்ளது. இதனை அறிந்த சாரதி, கருவி காட்டும் கோட்டை எலுவன்குளத்து மனிதரிடம் விசாரித்த பின்னரே நம்புவார்.

எனவே கருவியை வெறுக்க வேண்டும் என்பது எமது வாதமன்று. அறியாத ஊரில், நள்ளிரவில், தனித்துச் செல்லும் சாரதிக்கு அது நல்ல துணை. கற்பிட்டி மீனவருக்கும் வலை விட்ட இடத்திற்கு மீள்வதற்கு அது உதவுகின்றது. எமது கவலை வேறொன்று. செய்மதிச் சமிக்ஞையைப் பெறும் கருவி தானாக எவருக்கும் செய்தி அனுப்புவதில்லை. தொலைபேசி இணைப்போடு அதனை உரிமையாளர் லொறியிற் பொருத்தும்போதுதான் வழிகாட்டி கண்காணியாக மாறுகின்றது. லொறி நின்ற நேரம் முதலாளியின் திரையில் தெரியும். நின்ற காரணம் தெரியாது. உறக்கம் மேலிட்டு மதுரங்குளியில் ஒதுங்கியதும், வெள்ளம் வடியக் காத்திருந்ததும் அங்கு ஒரே வகையான தாமதமாகவே பதிவாகும். அத்தாமதத்திற்கு ஊதியம் குறைக்கப்படுமாயின், உறங்காது ஓட்டும்படி சாரதி நிர்ப்பந்திக்கப்படுகின்றார். அதன் விலையை அவர் மட்டுமன்றி வீதியிற் செல்லும் யாவரும் செலுத்த நேரிடும்.

2022ஆம் ஆண்டில் இலங்கையில் தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தம்மைப் பற்றித் திரட்டப்படும் பதிவைத் தாமே பார்க்கவும், நின்ற காரணத்தை அதிற் சேர்க்கவும், ஓய்வு நேரத்தைத் தாமதமெனக் கணிப்பதை மறுக்கவும் சாரதிகளுக்கு உரிமை வேண்டும் என்பதைத் தொழிற்சங்கங்கள் முன்வைத்தல் அவசியம். தமிழ் மாணவருக்கும் ஒரு பணி உண்டு. காசிச்செட்டி ஊர்ப்பெயர்களைத் தொகுத்ததுபோல, இன்றைய சாரதிகளின் வழிப்பெயர்களையும், தரிப்பிடங்களையும், எச்சரிக்கைகளையும் அவர்கள் மொழியிலேயே தொகுத்தல் வேண்டும். அத்தொகுப்பு அவர்களிடமே திரும்பிச் சேருமாயின், ஆற்றுப்படை மரபு புத்தள வீதியில் தொடர்கின்றது என நாம் கூறலாம்.