மேக் விலாச அட்டவணை

ஈதர்நெட் வலைப்பின்னலில் ஸ்விட்ச் என வழங்கும் சாதனம், தன்னுடைய எந்தப் போர்ட்டின் வழியாக எந்தக் கணினியை அடையலாம் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளும் ஏடு மேக் விலாச அட்டவணை எனப்படும். 48 பிட் நீளமுள்ள ஒரு விலாசமும், அது காணப்பட்ட போர்ட்டும், அது சேர்ந்த வி.லேன் என்னும் உட்பிரிவும், பதிவானது தானாகக் கற்றதா அல்லது நிர்வாகி எழுதியதா என்ற குறிப்பும் ஒவ்வொரு பதிவிலும் அடங்கும். சிஸ்கோ சாதனங்களைக் கையாள்வோர் இதைக் கேம் டேபிள் என்பர், ஐ.இ.இ.இ. தர நூல்கள் ஃபில்டரிங் டேட்டாபேஸ் என்கின்றன. லினக்ஸ் பயில்வோருக்கு இது எஃப்.டி.பி.

கற்கும் முறை எளியது. ஒரு போர்ட்டில் ஃப்ரேம் எனப்படும் செய்திப் பொதி வந்து சேர்ந்ததும், ஸ்விட்ச் அதன் அனுப்புநர் விலாசத்தைப் பார்த்து, இவ்விலாசத்தார் இந்தப் போர்ட்டில் இருக்கிறார் என்று எழுதிக்கொள்ளும். பிறகு பெறுநர் விலாசத்தை அட்டவணையில் தேடி, கண்டால் உரிய போர்ட்டில் மட்டும் பொதியைச் செலுத்தும். பெறுநரும் பொதி வந்த போர்ட்டிலேயே இருப்பாராயின் அதை அங்கேயே கைவிடும். விலாசம் காணப்படாவிட்டாலோ, வந்த போர்ட் நீங்கலாக மற்றெல்லாப் போர்ட்டுகளிலும் பொதியின் பிரதிகளை இறைத்துவிடும். இறைத்தது எப்படியும் உரியவரைச் சேர்ந்து, அவர் பதில் அனுப்பும்போது அவருடைய இருப்பிடமும் பதிவாகிவிடுமாதலால், அறியாமை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு இது. சத்திரத்துக் கணக்குப்பிள்ளை, வந்தவர் சொன்ன பெயரை அத்தாட்சி கேளாமல் ஏட்டில் ஏற்றிக்கொள்வதுபோல, ஸ்விட்சும் பொதியின் மேலிருக்கும் அனுப்புநர் விலாசத்தைச் சத்தியமென்றே ஏற்கிறது. இச்சாதனம் உலகெங்கும் பரவியதற்கும், அதைப் பராமரிப்போர் அன்று முதல் இன்றுவரை பட்டுவரும் தொல்லைகளுக்கும் இந்த நம்பிக்கை ஒன்றே மூலகாரணம் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

ஈதர்நெட் பிறந்தபோது இப்படியொரு ஏட்டுக்கு அவசியமே இருக்கவில்லை. கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் 1973-ஆம் ஆண்டு ராபர்ட் மெட்காஃப் திட்டமிட்டு, டேவிட் பாக்ஸின் துணையோடு உருவாக்கிய முதல் ஈதர்நெட்டில், நிலையங்கள் யாவும் ஒரே கோஆக்சியல் வடத்தைப் பொதுவில் அனுபவித்தன. ஒருவர் பேசியது எல்லாருடைய செவியிலும் விழுந்தது. தனக்குரியதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுவது கேட்பவரின் பொறுப்பு. அந்நாளில் விலாசம் 8 பிட் நீளமே உடையது. டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் கூடி 1980-ல் 10 மெகாபிட் ஈதர்நெட்டின் இலக்கணத்தை வெளியிட்டபோதுதான் அது 48 பிட்டாக விரிந்தது. இவ்விரிவின் நியாயத்தை யோகேன் தலாலும் ராபர்ட் பிரின்டிஸும் 1981-ல் ஒரு கட்டுரையாகப் பிரசுரித்தனர்: எந்த வலைப்பின்னலில் கொண்டுபோய்ப் பொருத்தினாலும் மாறாத, உலகம் முழுவதற்கும் தனித்த ஓர் எண் ஒவ்வொரு சாதனத்துக்கும் இருக்கவேண்டும் என்பதே அதன் சாரம். முதல் 24 பிட்டுகளை உற்பத்தியாளருக்கு ஒதுக்கித் தரும் அதிகாரம் ஆதியில் ஜெராக்ஸிடம் இருந்து, பின்னர் ஐ.இ.இ.இ. வசம் சென்றது. இவ்வாறு கிடைத்த எண், அதை உடையவர் யார் என்று சொல்லுமேயன்றி எங்கே இருக்கிறார் என்று சொல்லாது. இருப்பிடத்தை அறிய வேண்டுவோர், அவர் பேசும் சமயம் பார்த்து, குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று கவனிக்கத்தான் வேண்டும்.

அந்தக் கவனிப்பை ஒரு யந்திரத்திடம் ஒப்படைத்தவர் டிஜிட்டல் நிறுவனத்தின் மார்க் கெம்ப். ஒரு துண்டு வடம் 500 மீட்டருக்கு மேற்படலாகாது, ஒரு வலைப்பின்னலில் 1,024 நிலையங்களுக்கு மேல் சேரலாகாது என்ற வரம்புகள் 1980-களின் தொடக்கத்திலேயே பெரிய அலுவலகங்களை நெருக்கத் தொடங்கியிருந்தன. ரௌட்டரை நடுவே வைத்து வலைப்பின்னலைப் பிரிப்பது ஒரு மார்க்கமே. ஆயினும் டிஜிட்டல் நிறுவனமே டெர்மினல்களை இணைப்பதற்கு உபயோகித்த லாட் என்ற நெறிமுறை ரௌட்டரைக் கடக்கும் இயல்பற்றது. ஆகவே, இரு வடங்களுக்கு நடுவே நின்று இருபுறமும் கேட்டு, அப்புறத்தார்க்கு உரியதை மட்டும் அப்புறம் தள்ளும் பிரிட்ஜ் என்ற சாதனத்தைக் கெம்ப் அமைத்தார். அதற்காக 1983-ல் விண்ணப்பித்த காப்புரிமை 1986-ல் கிடைத்தது. அவ்வாண்டிலேயே லேன்பிரிட்ஜ் 100 என்ற பெயரில் அது விற்பனைக்கும் வந்தது.

இதில் சாமர்த்தியம் வேகத்தில்தான் இருக்கிறது. மிகச் சிறிய பொதிகள் இடைவிடாது வந்தால் 10 மெகாபிட் வடத்தில் விநாடிக்கு 14,880 வரும். ஒரு பொதிக்குக் கிடைக்கும் அவகாசம் 67 மைக்ரோவிநாடி. அதற்குள் அனுப்புநரையும் பெறுநரையும் ஆக இருமுறை அட்டவணையைத் தேடியாக வேண்டும். தேடி முடியவில்லையென்றால் பொதி கைநழுவிப் போகும். வரிசைப்படுத்திய பட்டியலை நடுவில் வகுத்துக்கொண்டே போகும் பைனரி தேடலுக்கு 8,000 விலாசங்களிலும் 13 ஒப்பீடுகள் போதும். இத்தேடலைச் செயலியின் மென்பொருளிடம் விடாமல் தனி வன்பொருளிடம் ஒப்படைத்ததே கெம்பின் யுக்தி. நிர்வாகி ஒரு வரியும் எழுதாமல், பெட்டியை மாட்டி மின்சாரம் கொடுத்த மாத்திரத்தில் அது வேலை செய்தது என்பது அக்காலத்து வாடிக்கையாளருக்கு ஏறக்குறைய ஒரு மாயமாகவே தோன்றியிருக்கும்.

ஆனால் இரண்டு பிரிட்ஜுகள் ஒரே இரு வடங்களை இணைத்து, ஒரு வளையம் ஏற்பட்டுவிட்டால் இந்த ஏடு பைத்தியம் பிடித்தாற்போலாகிவிடும். ஒரு பிரிட்ஜ் இறைத்த பொதியை மற்றது பெற்று மீண்டும் இறைக்கும். ஒரே அனுப்புநர் கணத்துக்குக் கணம் வெவ்வேறு பக்கத்திலிருந்து பேசுவதாகத் தோன்றும். அட்டவணைப் பதிவு அங்கும் இங்குமாக மாறிக்கொண்டே இருக்கும். ஈதர்நெட் பொதிக்கு இத்தனை தாவல்களுக்குப் பின் மடிக என்ற வரம்பு கிடையாதாகையால் சுழற்சிக்கு முடிவும் இராது. டிஜிட்டல் நிறுவனத்தில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் 1985-ல் வகுத்த ஸ்பானிங் ட்ரீ முறை, பிரிட்ஜுகள் தமக்குள் பேசி உபரியான இணைப்புகளை அடைத்து, வளையத்தை மரமாக்கி இத்தொல்லையைத் தீர்த்தது. அந்த மரம் அளவுக்கு மீறி வளர்ந்தால் நேரும் அனர்த்தத்துக்கு 2002 நவம்பரில் பாஸ்டன் நகரத்துப் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை உதாரணமாயிற்று. அங்கே வலைப்பின்னல் சில நாட்கள் ஸ்தம்பித்து, மருத்துவர்கள் காகிதச் சீட்டுகளுக்குத் திரும்ப நேர்ந்தது.

கற்பதைப் போலவே மறப்பதும் அட்டவணைக்கு இன்றியமையாதது. ஒரு கணினியைப் பெயர்த்து வேறிடத்தில் பொருத்தியபின், அது வாய் திறக்கும்வரை பழைய பதிவு பொதிகளைப் பாழும் போர்ட்டிலேயே கொட்டிக்கொண்டிருக்கும். ஆதலால் 1990-ல் வெளிவந்த 802.1டி தரம், குறித்த காலத்துக்குள் மீண்டும் காணப்படாத விலாசத்தை நீக்கிவிட வேண்டுமென்று விதித்து, அக்காலத்தை 10 விநாடி முதல் 10 லட்சம் விநாடி வரை வைத்துக்கொள்ள அனுமதித்து, 300 விநாடியைச் சிபாரிசு செய்தது. மரத்தின் கிளையமைப்பு மாறினால் இருப்பிடங்கள் கூட்டமாக மாறுமாதலால், அச்சமயத்தில் மட்டும் காலாவதியை வழக்கமான 15 விநாடியாகக் குறுக்கிக்கொள்ளும் ஏற்பாடும் அதில் இருந்தது. 2001-ல் வந்த விரைவு ஸ்பானிங் ட்ரீயோ, அதற்கும் காத்திராமல் பதிவுகளை உடனடியாகவே துடைத்துவிடுகிறது. ஐந்து நிமிஷம் என்ற அந்தத் தொகைக்குப் பெரிய கணித நியாயம் ஒன்றும் இல்லை. நடைமுறைக்கு ஒத்துவந்த ஒரு நடுத்தர மதிப்பு, அவ்வளவே.

1990-ல் கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம் ஈதர்ஸ்விட்சை வெளியிட்டது. அது உண்மையில் ஏழு போர்ட்டுகள் கொண்ட பிரிட்ஜ்தான். பெறுநர் விலாசத்தின் ஆறு பைட்டுகளைப் படித்ததும், பொதி முழுவதும் வந்து சேரும்வரை காத்திராமல் அனுப்பத் தொடங்கும் வேகமே அதன் விசேஷம். 1994-ல் சிஸ்கோ அதை வாங்கியது. போர்ட்டுகள் பெருகவே, 13 ஒப்பீடுகளுக்கும் பொறுமையில்லாத நிலை வந்து, எல்லாப் பதிவுகளையும் ஏககாலத்தில் ஒப்பிட்டு விடைசொல்லும் கேம் என்ற நினைவகமும், விலாசத்தைக் கணிதத்தால் குறுக்கி இடம் காணும் ஹாஷ் முறையும் வழக்கத்துக்கு வந்தன. ஹாஷ் முறையில் ஒரு சங்கடம் உண்டு: பல விலாசங்கள் ஒரே அறைக்கு உரியவையாக அமைந்துவிட்டால், அட்டவணையில் வேறெங்கும் இடம் காலியாயிருந்தும் புதிய விலாசம் பதிவாகாது. விளம்பரத் தாளில் அச்சிட்ட கொள்ளளவை முழுவதும் நம்பி வலைப்பின்னலைத் திட்டமிடுவோர் இதை மறக்கலாகாது.

1998-ல் வந்த 802.1கியூ தரம் ஒரே ஸ்விட்சைப் பல வி.லேன்களாகப் பகுத்தபோது, எல்லாவற்றுக்கும் ஓர் ஏடா, ஒவ்வொன்றுக்கும் தனி ஏடா என்ற வினா எழுந்தது. உதாரணமாக, டிஜிட்டல் நிறுவனத்தின் டெக்நெட் நான்காம் கட்ட நெறிமுறையில் ஒரு ரௌட்டர் தன் எல்லா இணைப்புகளிலும் ஒரே மேக் விலாசத்தையே தரித்துக்கொள்ளும். பொது ஏட்டில் அது ஒரே சமயத்தில் பல போர்ட்டுகளில் தோன்றி ஓயாமல் இடம் மாறும். தர நூல் இரு முறைகளையும் அனுமதித்தது. நடைமுறையில் தனி ஏடே நிலைத்தது.

அதற்கு அடுத்த வருஷமே, ஸ்விட்சின் நம்பிக்கையைத் துஷ்பிரயோகம் செய்யும் வழி பகிரங்கமாயிற்று. 1999-ல் இயன் விடெக் எழுதிய மேகாஃப் என்ற சிறு நிரல், டக் சாங்கின் டிஸ்னிஃப் தொகுப்பில் இடம்பெற்றுப் பரவியது. பொய்யான அனுப்புநர் விலாசங்கள் கொண்ட பொதிகளை அது ஆயிரக்கணக்கில் பொழியும், அட்டவணை நிரம்பிவிடும், அதன்பின் வருவோரின் இருப்பிடத்தை எழுத இடமின்றி, அவர்களுக்குரிய பொதிகளை ஸ்விட்ச் எல்லாப் போர்ட்டுகளிலும் இறைக்கும், ஒட்டுக்கேட்பவனுக்கு வேண்டியது அதுதான். இதற்கு மாற்றாக உதவும் போர்ட் செக்யூரிட்டி, ஒரு போர்ட்டில் இத்தனை விலாசங்களுக்கு மேல் கற்கலாகாது என்று வரம்பு கட்டுகிறது. சிஸ்கோ ஸ்விட்சுகளில் அவ்வேற்பாட்டை இயக்கினால் வரம்பு ஒன்றாகவும், மீறினால் போர்ட்டையே அடைத்துவிடுவதாகவும் இருக்கும். முதலில் கண்ட விலாசத்தைக் கட்டமைப்பிலேயே ஒட்டிவைக்கும் ஸ்டிக்கி என்ற வகையில், நிர்வாகி கட்டமைப்பைச் சேமிக்க மறந்தால் மறு இயக்கத்தில் எல்லாம் அழிந்துவிடும்.

அன்றாட நிர்வாகத்தில் மிகுந்த குழப்பம் விளைப்பது தாக்குதல் அன்று, கால முரண்பாடே. சிஸ்கோ ரௌட்டர் ஐ.பி. விலாசத்துக்குரிய மேக் விலாசத்தை ஏ.ஆர்.பி. ஏட்டில் நான்கு மணி நேரம் வைத்திருக்கும்; ஸ்விட்சோ ஐந்து நிமிஷத்தில் மறந்துவிடும். போக ஒரு ரௌட்டரும் வர வேறொரு ரௌட்டருமாக வழி அமைந்துவிட்டால், ஒரு ஸ்விட்ச் ஒரு சர்வருக்குப் போகும் பொதிகளை மட்டுமே காணும், அதிலிருந்து வருபவற்றைக் காணாது. பதிவு காலாவதியானதும் போகும் பொதிகள் அனைத்தையும் இறைக்கத் தொடங்கும். யாதொரு பிழைச் செய்தியும் வராது. வலைப்பின்னல் மந்தமாயிருக்கிறது என்ற புகார் மட்டும் வரும். இரு காலங்களையும் ஒப்பச் செய்வதே பரிகாரம். மைக்ரோசாஃப்ட்டின் சுமைப் பங்கீட்டு ஏற்பாட்டில் யூனிகாஸ்ட் வகை, இக்குறையையே குணமாக்கிக்கொண்டு, அனுப்புநர் விலாசத்தை வேண்டுமென்றே மறைத்து, பொதுவிலாசத்தை ஸ்விட்ச் ஒருபோதும் கற்காதபடி செய்கிறது. எல்லாச் சர்வர்களுக்கும் பொதி சேரவேண்டி அண்டை அயலார் அனைவரையும் நனைக்கும் அந்த யுக்தியை இக்கட்டுரையாளர் மெச்சுவதற்கில்லை.

ஆகவே கோளாறு தேடுவோர் முதலில் இடும் ஆணை, அட்டவணையைக் காட்டென்னும் ஷோ மேக் அட்ரஸ்-டேபிள் என்பதே. ஒரு விலாசம் இரு போர்ட்டுகளுக்கிடையே அலைவதாகப் பதிவேட்டில் செய்தி வந்தால், எங்கோ வளையம் ஏற்பட்டிருக்கிறது, அல்லது ஒரு சர்வரின் இரு இணைப்புகள் தவறாகச் சேர்க்கப்பட்டுள்ளன என்று சந்தேகிக்கலாம். வைஃபை பயனர் ஒருவர் நடந்துபோவதும் அதே செய்தியைத் தரக்கூடும். கையால் எழுதும் நிலையான பதிவு உறுதியானதே. ஆனால் பிரின்டரை வேறு போர்ட்டுக்கு மாற்றியபின்னும் பழைய போர்ட்டையே கட்டிப் பிடித்திருக்கும் குணமும் அதற்கு உண்டாகையால், சிக்கனமாகவே உபயோகிக்கத்தக்கது. 2019-ல் ஆண்ட்ராய்டு 10-ம் 2020-ல் ஐ.ஓ.எஸ். 14-ம் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு கற்பனை விலாசத்தைத் தரிக்கும் வழக்கத்தைப் பொதுவாக்கிவிட்டபின், விலாசத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் நிர்வாகம் மேலும் பலவீனப்பட்டது.

ஒரு கணினிக்குள் பல கணினிகளைச் சிருஷ்டிக்கும் மெய்ந்நிகர் தொழில்நுட்பம் வந்தபின், அவை ஓடிக்கொண்டிருக்கும்போதே தம் விலாசங்களோடு ஒரு யந்திரத்திலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயரலாயின. புதிய யந்திரம் அவற்றின் சார்பில் ஒரு பொதியை அனுப்பி ஸ்விட்சுகளின் ஏட்டைத் திருத்துகிறது. பெரிய தரவு மையங்களில் இதுவும் போதாமையால், 2015-ல் ஆர்.எஃப்.சி. 7432 ஆக வெளிவந்த ஈ.வி.பி.என். முறை, விளிம்பிலுள்ள சாதனம் தன் போர்ட்டுகளில் கற்ற விலாசங்களை பி.ஜி.பி. நெறிமுறையால் மற்றவற்றுக்கு அறிவிக்கும் ஏற்பாட்டைக் கொணர்ந்தது. இடம் மாறிய ஒவ்வொரு தடவையும் அறிவிப்பின் வரிசை எண் ஒன்று கூடும். பெரிய எண்ணே மெய்யெனக் கொள்ளப்படும். 180 விநாடிக்குள் ஒரே விலாசம் 5 முறை இடம் மாறினால், இருவர் ஒரே பெயரைச் சொல்கின்றனர் என்று தீர்மானித்து, நிர்வாகிக்கு அறிவித்துவிட்டு, அவர் வந்து சரிசெய்யும்வரை அவ்விலாசத்தைப் பற்றிய அறிவிப்புகளை நிறுத்திவிட வேண்டும் என்பது அதன் விதி. 5, 180 என்ற இத்தொகைகளை நிர்வாகி மாற்றிக்கொள்ளலாம்.