அடுத்த எண்

மாஸ் ஆற்றின் கரையில் சைக்கிளில் போகும்போது சந்திக்குச் சந்தி ஒரு கம்பம் நிற்கும். கம்பத்தில் நீலத் தகடு, தகட்டில் வெள்ளையாக ஓர் எண். அது நாம் நிற்கும் சந்தியின் எண். பக்கத்திலேயே அம்புக்குறியோடு இன்னும் இரண்டு மூன்று எண்கள் இருக்கும். இங்கிருந்து போய்ச் சேரக்கூடிய அடுத்த சந்திகள் அவை. இந்த வழியில்தான் போ, இதுதான் சிறந்தது என்று அந்தக் கம்பம் யாரிடமும் சொல்வதில்லை. ஐரோப்பாவின் சமவெளிகளில் அவசரமில்லாமல் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் நாளை இந்தச் சின்னத் தகட்டைப்போல் மாற்றிய பொருள் வேறொன்று இல்லை என்பேன். நிலக்கரி வெட்டிய ஒரு மாகாணத்தில் பிறந்து, ஆற்றங்கரையில் வளர்ந்து, இன்று பல நாடுகளில் அது வேரூன்றிவிட்டது.

அதற்கு முன்னோர்கள் உண்டு. நெதர்லாந்தில் 1883இல் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கூடி ஏ.என்.டபிள்யூ.பி. என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். 1894இலிருந்து அந்தச் சங்கம் நாட்டில் கைகாட்டிகளை நட ஆரம்பித்தது. 1919இல் காளான் வடிவத்தில் ஒரு குட்டைக் கைகாட்டி வந்தது. குந்தியிருக்கும் ஆள் உயரம்கூட இருக்காது; சரிந்த தலையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஊர்ப்பெயர்களும் தொலைவும் எழுதியிருக்கும். காடுகளிலும் புல்வெளி ஓரங்களிலும் அவற்றை இன்றும் பார்க்கலாம். ஊர்ப்பெயர் சொல்லும் கைகாட்டி, ஊருக்குப் போகிறவருக்கு நல்ல துணை. சும்மா சுற்றிப் பார்க்க வந்தவருக்கு அது போதாது. அவருக்கு வேண்டியது நாணல் அடர்ந்த வாய்க்கால் ஓரமும், லாரி வராத கரையும். அவை எந்த ஊருக்கும் நேர்வழியாக இருப்பதில்லை.

அடுத்து வட்டப் பாதைகள் வந்தன. ஒரு பாதைக்கு ஒரு பெயர் வைத்து, வழியெங்கும் அதே பலகையை நட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். பாதை அழகாகத்தான் இருக்கும். ஆனால் 40 கிலோமீட்டர் என்று வகுத்திருந்தால் 40 கிலோமீட்டரும் ஓட்டியாக வேண்டும். நடுவில் மழை வந்தாலோ குழந்தை சோர்ந்துபோனாலோ குறுக்கே வெட்டித் திரும்ப வழி தெரியாது. தெம்பாக இருக்கும் நாளில் இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொள்ளவும் முடியாது. நிதானமாகப் போக வந்தவர் மீது வேறொருவருடைய கணக்கு ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது.

இந்தக் கணக்கை மாற்றியது பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணம். 1901இல் ஆஸ் என்ற ஊரில் ஆந்த்ரே துமோன் நிலத்தைத் துளைத்து நிலக்கரியைக் கண்டார். அதன்பின் ஏழு சுரங்கங்கள் வந்தன. இத்தாலி, போலந்து, கிரீஸ், துருக்கி, மொராக்கோ என்று எங்கெங்கிருந்தோ வந்த ஆட்கள் நிலத்தடியில் இறங்கி உழைத்தார்கள். 1966இல் ஸ்வார்ட்பெர்க் சுரங்கத்தை மூடியபோது மூண்ட போராட்டத்தில் தொழிலாளிகள் இருவர் உயிரிழந்தார்கள். எண்பதுகளின் கடைசியில் ஐஸ்டன், வாட்டர்ஸ்கை, வின்டர்ஸ்லாக், பெரிங்கன் என்று ஒவ்வொன்றாக மூடினார்கள். 1992இல் சோல்டர் சுரங்கமும் நின்றபோது மாகாணத்தின் நிலக்கரிக் காலம் முடிந்தது. ஆட்களை இறக்கிய இரும்புக் கோபுரங்களும் கரிக் கழிவு மேடுகளும் மிஞ்சின. இனி இந்த மண் எதை வைத்துப் பிழைக்கும் என்ற கேள்வி எல்லார் வீட்டிலும் இருந்தது.

பதில்களில் ஒன்றைக் கொண்டுவந்தவர் ஹ்யூகோ போலன். சுரங்கப் பொறியாளர். நிலத்தடியில் சுரங்க வழிகள் பிரியும் இடங்களை அடையாளம் காட்டிய முறையிலிருந்துதான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்று லிம்பர்க்கில் சொல்கிறார்கள். போக்குவரத்துக் குறைந்த நல்ல பாதைகளை மட்டும் பொறுக்கி எடுப்பது. அவற்றை ஒரு வலையாகப் பின்னுவது. வலையின் ஒவ்வொரு முடிச்சுக்கும் ஓர் எண் கொடுப்பது. இவ்வளவுதான் அவர் சொன்னது. 1995இல் லிம்பர்க்கின் கெம்பன், மாஸ்லாந்து வட்டாரத்தில் முதல் வலை திறந்தது. இன்று அந்த ஒரு மாகாணத்தில் மட்டும் ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் பாதை இந்த எண்களின் கீழ் வருகிறது.

எண் ஏன் இங்கே இவ்வளவு நன்றாகப் பொருந்தியது? மலைநாட்டில் நிலமே வழி சொல்லும். பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு போனால் போதும், சிகரம் எந்தப் பக்கம் என்று பார்த்தால் போதும். சமவெளியில் அந்த உதவி கிடையாது. நேரான வாய்க்கால், அதன் கரையில் வரிசையாக பாப்லர் மரங்கள், தொலைவில் ஒரு தேவாலயக் கோபுரம். இரண்டு கிலோமீட்டர் தள்ளி அதே வாய்க்கால், அதே மரங்கள், அதே மாதிரி இன்னொரு கோபுரம். கண்ணெதிரே தெரியும் ஊருக்குக்கூட நடுவே தண்ணீர் கிடக்கும். பாலம் எங்கே என்று தெரியாவிட்டால் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். நிலத்தடி இருட்டுக்கும் இந்த வெட்டவெளிக்கும் ஒற்றுமை இங்கேதான். இரண்டிலும் கண்ணுக்குப் பிடிமானம் இல்லை. இருட்டில் வழி தவறாமல் காத்த முறை வெளிச்சத்திலும் அப்படியே வேலை செய்தது.

தகடு வளர்ந்த இடம் மாஸ் ஆறு. பிரான்சில் பிறந்து பெல்ஜியம் வழியாக நெதர்லாந்துக்குப் போகும் இந்த ஆறு, லிம்பர்க்கில் 40 கிலோமீட்டருக்கும் மேல் இரண்டு நாடுகளுக்கும் எல்லையாக ஓடுகிறது. கிழக்குக் கரையிலும் லிம்பர்க், மேற்குக் கரையிலும் லிம்பர்க். 1839 உடன்படிக்கை ஒரே நிலத்தை இரண்டாகப் பிரித்தது. எல்லையாக ஓடும் பகுதியில் ஆழம் குறைவு, சரளைக்கல் அதிகம், பெரிய கப்பல் போகாது. அதனால் கப்பல்களுக்கென்று பெல்ஜியப் பக்கம் 1826இல் சவுத் வில்லம்ஸ் கால்வாயும் நெதர்லாந்துப் பக்கம் 1935இல் யூலியானா கால்வாயும் வந்தன. சரக்கெல்லாம் கால்வாய்க்குப் போனதால் ஆறு தன்பாட்டுக்கு ஓடியது. கால்வாய்க் கரையில் ஒரு காலத்தில் குதிரைகள் படகு இழுத்த தடம் இன்று சைக்கிள் பாதை.

முதல் வலை திறந்த அதே 1995இன் ஜனவரியில் மாஸ் கரைபுரண்டது. அதற்கு முந்தைய பெருவெள்ளம் வந்து 13 மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதன்பின் ஆற்றுக்கு இடம் விடுவது என்று முடிவெடுத்தார்கள். சரளையை அள்ளி ஆற்றை அகலமாக்கினார்கள், கரையோர நிலத்தை வெள்ளத்துக்கே விட்டார்கள். அங்கே கோனிக் குதிரைகளும் காலோவே மாடுகளும் ஆண்டு முழுவதும் வெளியிலேயே மேய்கின்றன. வடக்கே ரூர்மோண்ட் பக்கம் போனால், சரளை அள்ளிய குழிகளெல்லாம் நிரம்பி ஏரிகளாகிப் பாய்மரப் படகுகள் மிதக்கின்றன. சரளைக்காகவும் கப்பலுக்காகவும் மனிதர் கலைத்துப் போட்ட நிலத்தை, அவர்கள் வேலை முடிந்த பிறகு சைக்கிள்காரர்களுக்குத் திறந்துவிட்டது இந்தத் தகடு.

மேஸ்வைக் என்ற ஊரில் ஆற்றைக் கடக்கப் படகு உண்டு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி எதிர்க்கரையில் பெர்க் என்ற ஊரில் இறங்கினால், நீலத் தகடு வெள்ளைத் தகடாகிவிடும், எழுத்து பச்சையாகிவிடும். நாடு மாறிவிட்டது என்பதை அந்த நிறம் சொல்லும். முறை ஒன்றும் மாறாது. அம்புக்குறி, அடுத்த எண், அடுத்த சந்தி. தொண்ணூறுகளின் இறுதியில் தகடு இப்படித்தான் எல்லை தாண்டியது. பிறகு வட்டாரம் வட்டாரமாக நெதர்லாந்து முழுவதையும் பிடித்துக்கொண்டது. ஃபிரிஸ்லாந்தின் ஏரிகள், 1612இல் நீரிறைத்து மீட்ட பேம்ஸ்டர், இருபதாம் நூற்றாண்டில் ஏரியை வற்றவைத்து உண்டாக்கிய ஃபிளெவோலாந்து எங்கும் இன்று இந்த எண்கள் நிற்கின்றன. நெதர்லாந்தில் இரண்டு இலக்க எண்களே போதுமென்று வைத்துக்கொண்டார்கள். ஒரே எண் நாட்டில் பல இடங்களில் வரும்; குழப்பம் வராத அளவுக்குத் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார்கள். 27 எங்கே இருக்கிறது என்று நாடு முழுக்கத் தேட வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. பக்கத்தில் இருக்கும் 27 எது என்று தெரிந்தால் போதும்.

காலையில் புறப்படுகிறவர் வரைபடத்தைப் பார்த்து எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் கீழே கீழே எழுதிக்கொள்வார். காகிதத்தைக் கைப்பிடியிலோ சட்டத்திலோ ஒட்டிக்கொண்டால் அன்றைய பயணம் தயார். மேடு இல்லாத இந்த நாட்டில் காற்றுதான் மேடு. பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் தெம்பு இருக்கும் காலையில் காற்றை எதிர்த்துப் போகும் எண்களை எழுதுவார்கள். மாலையில் காற்றே முதுகைத் தள்ளிக்கொண்டு வீடு சேர்க்கும். நடுவில் மேகம் திரண்டால் சந்தியில் நிற்கும் வரைபடப் பலகையைப் பார்த்து இரண்டு எண்ணை அடித்துவிட்டு ஒன்றைச் சேர்த்தால் பாதை சுருங்கிவிடும். நன்றாக இருந்தால் நீட்டலாம். இந்தச் சுதந்திரத்தைப் பெற யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

பிறந்த மாகாணமும் தகட்டை நட்டதோடு நிற்கவில்லை. ஹாசல்ட், ஹெங்க் நகரங்களுக்கு இடையில் டே வையர்ஸ் என்ற குளக்காடு இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள். மனிதர் வெட்டிய பள்ளங்களில் தண்ணீர் கட்டி நூற்றாண்டுகளாகக் கெண்டை மீன் வளர்த்த இடம். அங்கே போக்ரைக்கில் 2016இல் ஒரு குளத்தின் நடுவே பாதை போட்டார்கள். பாலம் கட்டவில்லை. தண்ணீரை இரண்டாகப் பிளந்தாற்போல 212 மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் சுவர்களை எழுப்பி, நடுவில் 3 மீட்டர் அகலத்துக்கு வழி விட்டார்கள். சைக்கிள் மெல்ல இறங்க இறங்க இரண்டு பக்கமும் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து கண் மட்டத்தில் நிற்கும். காற்றில் எழும் சிற்றலை சுவரின் விளிம்பை நனைப்பது தெரியும். நீந்தி வரும் அன்னத்தின் கண்ணும் நம் கண்ணும் ஒரே உயரத்தில் சந்திக்கும். குளத்தைக் கரையில் நின்று எத்தனை முறை பார்த்தாலும் இந்தக் கோணம் கிடைக்காது. இதற்காகவே வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். 2019இல் போஸ்லாந்து காட்டில் 10 மீட்டர் உயரம் வரை மரங்களுக்கிடையே வட்டமாக ஏறும் பாதையும் வந்தது. இரண்டும் தனியாக நிற்கும் காட்சிப்பொருள்கள் அல்ல; எண் வலையின் இரண்டு கண்ணிகள். அன்றாடம் கடைக்குப் போகிறவரும் அதே வழியில் போகலாம்.

இத்தனைக்கும் தகடு தன்னைத் தானே காத்துக்கொள்ளும் பொருள் அல்ல. ஒரு கம்பம் சாய்ந்தால், ஓர் அம்பு திரும்பிவிட்டால், ஒரு கிளை எண்ணை மறைத்தால், அடுத்த எண்ணை மட்டும் நம்பி வருகிறவர் நட்டாற்றில் நிற்பார். அதனால் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் தன்னார்வலர்கள் ஆளுக்கொரு பகுதியை ஏற்றுக்கொள்கிறார்கள். ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்றே அவர்களை அழைக்கிறார்கள். தங்கள் பகுதியில் சைக்கிளில் போய்த் தகடு தகடாகப் பார்த்து, குறை இருந்தால் தெரிவிப்பது அவர்கள் பொறுப்பு. எல்லாரும் பயன்படுத்தும் ஒரு பொருளுக்கு இப்படிப் பேர் சொல்ல ஓர் ஆள் இருப்பதைவிடப் பெரிய பாதுகாப்பு எது?

ஜெர்மனிக்குள்ளும் தகடு நுழைந்துவிட்டது. பிராண்டன்பர்க்கின் ஏரிநாட்டிலும் கீழ் ரைன் சமவெளியிலும் எண்கள் நிற்கின்றன. எல்லாவற்றையும்விட என்னை நெகிழவைப்பது ரூர் வட்டாரம். 2018 டிசம்பரில் போட்ராப் நகரில் ஜெர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கத்தை மூடினார்கள். நிலக்கரிக்காக உலகமெங்கும் பேர்பெற்ற அந்த வட்டாரத்தில், பழைய சுரங்க ரயில் தடங்களின் மீது ஓடும் சைக்கிள் பாதைகளில், கம்பத்தின் தலையில் சிவப்புத் தொப்பியாக இதே எண்கள் இப்போது உட்கார்ந்திருக்கின்றன. லிம்பர்க் தன் இழப்பிலிருந்து கண்டெடுத்ததை அதே இழப்பைச் சந்தித்த இன்னொரு மண் எடுத்துக்கொண்டது.

கைபேசி எல்லா வழியையும் சொல்லும் காலத்திலும் இந்தத் தகடு பழசாகிப் போகவில்லை. கைபேசி, வழியைச் சொல்லும்போது கண்ணையும் கேட்கிறது. தகடு ஓர் எண்ணை மட்டும் நினைவில் வைக்கச் சொல்லிவிட்டு, அடுத்த சந்தி வரைக்கும் கண்ணை ஆற்றுக்கே விட்டுவிடுகிறது. வேகமாகப் போகிறவருக்குச் சாலை போட எல்லா அரசுகளுக்கும் தெரியும். மெல்லப் போகிறவரை மதித்து, பாதையைக் கையில் கொடுத்து, எவ்வளவு தூரம் என்பதை அவரிடமே விட்டுவிட ஒரு கம்பமும் ஒரு தகடும் ஓர் எண்ணும் போதும் என்று காட்டியதுதான் இந்தத் தகட்டின் சாதனை.