பிரதிப்பெயர்: ஆங்கில வகைகளும் கரிசல் வழக்கும்

பெயர்ச்சொல்லுக்குப் பிரதியாக நின்று அதன் காரியத்தைச் செய்யும் சொல்லே பிரதிப்பெயர் எனப்படும். ஆங்கில இலக்கண நூலார் இதனை, 'ஐ, வீ, யூ, ஹி, ஷி, இட், தே' என்னும் மூவிடப்பெயர், 'மைன்' முதலிய உடைமைப்பெயர், 'மைசெல்ஃப்' முதலிய தற்சுட்டு, 'திஸ், தட்' என்னும் சுட்டு, 'ஹூ, வாட்' என்னும் வினா, 'சம்ஒன்' போன்ற அநிச்சயம், 'ஈச் அதர்' என்னும் பரஸ்பரம், வாக்கியங்களைப் பிணைக்கும் இணைப்புப் பிரதிப்பெயர் எனப் பலவாக விரித்துரைப்பர்.

இவற்றுள் கோவில்பட்டிச் சீமை மாணாக்கனைப் பெரிதும் தடுமாறச் செய்வது இறுதியில் நின்ற இணைப்பு வகையேயாம். 'நேற்று வந்த ஆள்' என்று பெயரெச்சத்தால் அவன் எளிதாய் முடித்துவிடுவதை, ஆளை முன்னே நிறுத்தி, 'ஹூ' என்றொரு சொல்லைத் துணைக்கழைத்து, அதன் பின்னரே வருகையைச் சொல்கிறது ஆங்கிலம். திராவிட மொழிகளுக்கு இணைப்புப் பிரதிப்பெயர் இல்லாமையைக் கால்டுவெல் 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துக் காட்டினார்; தன்மைப் பன்மை இரண்டாக இருப்பதையும் அவரே அங்குக் குறித்தார்.

இந்த இரண்டாவது விஷயத்தில் வறுமை ஆங்கிலத்தினுடையது. 'எங்க காட்டுல பருத்தி வெடிச்சிருச்சு' என்று ஒரு சம்சாரி சொன்னால், கேட்பவனுக்கு அந்த நிலத்தில் பங்கில்லை. 'நம்ம ஊர்ல மழை பேஞ்சிருக்கு' என்றாலோ அவனும் அந்த ஈரத்துக்கு உரியவன். (காடு என்பது இங்கே வனமன்று, புன்செய்.) கி. ராஜநாராயணன் பிறந்த இடைசெவல் போன்ற ஊர்களில் தெலுங்கு பேசும் குடும்பங்களும் 'மனமு', 'மேமு' என்று இதே பேதத்தைப் பேணுகின்றன. ஆங்கிலத்து 'வீ' இரண்டையும் ஒரே சாக்கில் கட்டிவிடுகிறது. வகைப்பெயர்களை மனனம் செய்விக்கும் வகுப்பறையில் இதைச் சொல்லிக் கொடுத்தால் எவ்வளவோ பிரயோஜனப்படும்.

முன்னிலையிலும் அப்படியே. 'தௌ' என்னும் ஒருமை பொதுவழக்கில் அருகிப்போனபின் ஆங்கிலத்துக்கு 'யூ' ஒன்றே மிஞ்சியது. தென்பாண்டிச் சீமையிலோ 'நீ'க்கும் 'நீங்க'ளுக்கும் நடுவே, ஒத்த வயதினரைச் சற்றே மரியாதையோடும் சற்றே உரிமையோடும் விளிக்கும் 'நீரு' இன்னும் ஜீவித்திருக்கிறது.

படர்க்கையில் 'அவுக' என்பது தனிச் சிறப்புடையது. வாசலில் நின்று விசாரிப்பவரிடம், 'அவுக காட்டுக்குப் போயிருக்காக' என்பாள் வீட்டுக்காரி. 'ஹி' என்று பெயர்த்தால் மரியாதை உதிர்ந்துவிடும் என்பது ஒருபுறமிருக்க, பெயருக்குப் பிரதியாக வருவது என்னும் லட்சணமே இங்கே செல்லாமற் போகிறது; கணவன் பெயரை அவள் எக்காலத்தும் உச்சரித்ததில்லை.