ராஜ்கோட் மன்னரின் மோட்டார் வண்டி

விற்பனைக்கு வரும் பழைய மோட்டார் வண்டியின் எஞ்சினையும் மேற்கூட்டையும் சேகரிப்போர் நுணுகி ஆராய்வர். அது ஓடிய ஊரின் வரலாற்றையும் நாம் சற்று ஆராய்வோம்.

கத்தியவாரில் இருந்த ராஜ்கோட் சமஸ்தானத்தின் மன்னர் தர்மேந்திரசிங்ஜி, 1934ஆம் ஆண்டில் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் வண்டியைச் செய்வித்தார். அந்நாளில் அந்நிறுவனம் எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் மட்டுமே அளிக்கும். மேற்கூட்டை வாங்குவோர் விருப்பப்படி வேறொரு தொழிலகம் அமைக்கும். ஆதலால் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. சேகரிப்போர் இவற்றைப் பெருவிலை கொடுத்து நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். லண்டன் திரப் அண்டு மேபர்லி தொழிலகத்தார் மேற்கூடு அமைத்த இவ்வண்டி, காவி வண்ணம் பூண்டு, 'இந்திய நட்சத்திரம்' எனப் பெயர் பெற்றது.

அதே மன்னரின் ஆட்சியில் தீப்பெட்டி, சர்க்கரை முதலியவற்றை விற்கும் ஏகபோக உரிமை தனியாருக்கு அளிக்கப்பட்டது. குடிகள் கிளர்ந்தெழுந்தனர், பலர் சிறை புகுந்தனர். 1938 டிசம்பரில் சீர்திருத்தத்திற்கு இசைந்த மன்னர் பின்னர் வாக்குத் தவறினார். முன்பு தம் தந்தையார் திவானாக இருந்த அவ்வூரிலேயே 1939 மார்ச்சில் காந்தியடிகள் உண்ணாவிரதம் மேற்கொண்டார். மறு ஆண்டு மன்னர் காலமானார்.

1968இல் வண்டி விலையாகி இங்கிலாந்து சென்றது. பல்லாண்டுகள் கழித்து அரச குடும்பத்தாரே அதனை மீண்டும் வாங்கி ராஜ்கோட்டுக்குக் கொணர்ந்தனர். அதன் அழகைக் கண்டு வியப்பது தகும். வியக்கும் அவ்வேளையில், உரிமை கேட்டுச் சிறை சென்ற அவ்வூர்க் குடிகளையும் நினைவு கூர்வோமாக.