முகத்தின் நடுவில் ஒரு குறி



ஆட்டிசம் உள்ளவர்களின் மூளையில் முகத்தை அறியும் பகுதியே வேலை செய்வதில்லை, ஸ்கேன் படமே சாட்சி என்று ஒரு செய்தி நம் குழுவில் சுற்றுகிறது. அது பாதிக் கதை. மீதியையும் எழுதிவிடுகிறேன். விஞ்ஞானம் என் பாடமல்ல. ஆனால் இதில் வரலாறு இருக்கிறது.

1943-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் மருத்துவர் லியோ கன்னர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தை உலகறியச் செய்தது. பிறர் முகத்தை ஏறிட்டுப் பார்க்காத குழந்தைகளை அவர் அதிலேயே குறித்திருக்கிறார். காரணத்தை மூளைக்குள் தேட அப்போது வழியில்லை.

1990-களில் எஃப்.எம்.ஆர்.ஐ. வந்தது. அது எண்ணத்தைப் படம் பிடிப்பதல்ல. மூளையின் எந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் போகிறது என்று கணக்குப் பார்ப்பது. நாம் காணும் சிவப்பும் மஞ்சளும் பிறகு கணினி பூசுபவை. 1997-இல் நான்சி கன்விஷர் குழுவினர், வீட்டையோ கையையோ பார்ப்பதைவிட முகத்தைப் பார்க்கும்போது அதிகம் இயங்கும் ஓர் இடத்தை மூளையின் அடிப்புறத்தில் காட்டினார்கள். ஃபியூசிஃபார்ம் முகப்பகுதி என்று பெயர்.

2000-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஷுல்ட்ஸ் குழு, ஆட்டிசமோ ஆஸ்பெர்கரோ உள்ள 14 பேருக்கு முகங்களைக் காட்டியது. அந்த இடம் மங்கலாக இருந்தது. பொருள்களைப் பார்க்கும்போது இயங்கும் பக்கத்துப் பகுதி கூடுதலாக இயங்கியது. ‘இவர்களுக்கு மனிதர்களும் மேசை நாற்காலியும் ஒன்றுதான்’ என்று கேட்டவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். எத்தனை கொடுமையான வாக்கியம்! 14 பேரை வைத்துச் சொல்லக்கூடியதா அது? ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லவில்லை.

2004-இல் நூஷின் ஹஜிகானி என்ற ஆய்வாளர் குழுவினர் எளிய காரியம் ஒன்று செய்தார்கள். திரையில் தோன்றும் முகத்தின் நடுவில் ஒரு சிறு குறியை வைத்து, அதையே பார்க்கச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கும் அந்த முகப்பகுதி இயங்கியது! அப்படியானால் முந்தைய படங்களில் மங்கலாகத் தெரிந்தது மூளையின் குறையா, கண் வேறெங்கோ போனதன் விளைவா? இந்தக் கேள்வியைத்தான் நம் குழுவில் வந்த செய்தி விழுங்கிவிட்டது. பிந்தைய ஆய்வுகளும் ஒரே முடிவுக்கு வரவில்லை.

மறு ஆண்டு விஸ்கான்சினில் கிம் டால்டன் குழு, ஸ்கேன் எடுக்கும்போதே கண் போகும் திசையையும் அளந்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் எதிரே உள்ள கண்களை அதிக நேரம் பார்க்கப் பார்க்க, அச்சம் முதலிய உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா அதிகமாகக் கிளர்ந்தது. பார்க்கத் தெரியாமல் அல்ல, பார்ப்பது தாங்காமல் பார்வையைத் திருப்பியிருக்கலாம். உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள், ‘என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்’ என்று அதட்டுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே 2005-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு ஒரே ஒரு சிறுவனைப் பற்றியது. மனித முகங்களுக்கு அவனது முகப்பகுதி அசையவில்லை. அவனுக்கு உயிரான டிஜிமான் கார்ட்டூன் பாத்திரங்களைக் காட்டியதும் அதே இடம் இயங்கியது.