ஒசாகாவின் மர வளையம்

ஒசாகா விரிகுடாவில் கடலைத் தூர்த்து உருவாக்கிய யுமெஷிமா தீவில், 2025 உலகக் கண்காட்சிக்காக எழுப்பப்பட்ட வட்ட வடிவ மரக் கட்டுமானம் 'கிராண்ட் ரிங்'. சுற்றளவு ஏறத்தாழ 2 கிலோமீட்டர். அகலம் 30 மீட்டர். உயரம் உள்விளிம்பில் 12 மீட்டர், வெளிவிளிம்பில் 20 மீட்டர். இதை வடிவமைத்தவர் ஹொக்கைடோவில் பிறந்த கட்டடக் கலைஞர் சோ ஃபுஜிமோட்டோ. 61,035 சதுர மீட்டர் பரப்புடன், உலகின் மிகப் பெரிய மரக் கட்டடம் என்று 2025 மார்ச்சில் கின்னஸ் பதிவிலும் இடம்பிடித்தது.

மெட்ரோவில் வந்து கிழக்கு வாயிலைத் தாண்டியவர்களின் கண்ணில் முதலில் பட்டது தூண்கள்தான். பலகைகளைப் பசையிட்டு அடுக்கி இறுக்கிய ஒட்டுமரத்தால் ஆன, 42 சென்டிமீட்டர் சதுரத் தூண்கள். அவற்றுக்கு இடையே 3.6 மீட்டர் இடைவெளி. கண்காட்சியின் பெரும்பாலான நாட்டு அரங்குகள் இந்த வட்டத்துக்குள் இருந்ததால், ஓர் அரங்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவர்கள் அடிக்கடி இதன் நிழலில்தான் நடந்தார்கள். ஒசாகாவின் ஆகஸ்ட் வெயிலில் அந்த நிழல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அங்கே போட்டிருந்த பெஞ்சுகளில் இடம் தேடியவர்களைக் கேட்டால் தெரியும்.

நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்குக் கட்டுமானத்தின் சூட்சுமம் புரிந்துவிட்டது. உத்தரங்கள் தூணின் மேல் உட்காரவில்லை, பக்கத்தில் ஒட்டிக்கொண்டும் நிற்கவில்லை. தூணில் குடைந்த துளைக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறி, அடுத்த தூணை நோக்கிப் போயின. நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் ஓடும் உத்தரங்கள் ஒரே தூணில் வெவ்வேறு மட்டங்களில் நுழைந்தன. இந்தப் பொருத்துக்கு ஜப்பானியத் தச்சர்கள் வைத்த பெயர் நுகி. துளைக்கும் உத்தரத்துக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி விட்டு, அதில் ஆப்பை அடித்து இறுக்குவார்கள். நாளாக நாளாக மரம் காய்ந்து சுருங்கும், பொருத்து தளரும். அப்போது ஆப்பை மறுபடி தட்டி இறுக்கினால் போதும்.

நிலநடுக்க நாட்டில் இந்த முறைக்கு மதிப்பு வந்ததில் வியப்பில்லை. பூமி குலுங்கும்போது தூண் சாயப் பார்க்கும். துளையின் விளிம்பு உத்தரத்தை அழுத்தும். மரத்தின் நார்கள் அந்த அழுத்தத்தில் நசுங்கி உள்வாங்கி, குலுக்கலின் ஆற்றலை விழுங்கிக்கொள்ளும். சட்டென்று முறிவதற்குப் பதிலாகக் கட்டடம் ஆடி அடங்கும். மூலைக்கு மூலை சாய்வாகக் கொடுக்கும் தாங்குசட்டங்கள் தேவைப்படுவதில்லை. வளையத்தின் அடியில் பார்வை தடையில்லாமல் நெடுந்தூரம் ஓடியதற்கு இதுவே காரணம்.

ஆதிகாலம் தொட்டு ஜப்பானில் இருந்த வழக்கம் இது என்று நினைத்துவிடக் கூடாது. நாராவுக்கு அருகிலுள்ள ஹோர்யுஜி, உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய மரக் கட்டடங்களைக் கொண்ட கோயில். அங்கே தூண்களை வெளிப்பக்கமாகப் பற்றியிருக்கும் சட்டங்களையே காணலாம். 1180இல் நடந்த போரில் நாராவின் தோதாய்ஜி எரிந்தது. அதை மீட்டெழுப்பும் பொறுப்பு சோகென் என்ற துறவியிடம் வந்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. சீனத்துக் கட்டுமான முறையைத் தழுவி, தூண்களை ஊடுருவும் உத்தரங்களால் அவர் எழுப்பிய தெற்குப் பெருவாயில் 1199இல் உருவானது. இன்றும் நிற்கிறது.

இதே முறையில் அமைந்த கியோத்தோவின் கியோமிஸு கோயில் மேடை இன்னும் பிரபலம். 1633இல் திரும்பக் கட்டப்பட்ட அந்த மேடை, மலைச்சரிவிலிருந்து 13 மீட்டர் உயரத்தில், கெயாகி என்ற வன்மரத் தூண்களின் மேல் நிற்கிறது. மேலே படம் எடுக்கும் கூட்டத்தை விட்டுவிட்டுக் கீழ்ப்பாதைக்கு இறங்கிப் பார்ப்பது நல்லது. தூண்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உத்தர முனைகளுக்கு மேல் சின்னஞ்சிறு பலகைக் கூரைகள் வேய்ந்திருக்கும். மழைநீர் இறங்கி மரம் உளுத்துப்போகாமலிருக்க எடுத்த முன்னெச்சரிக்கை அது. வருங்காலப் பழுதுபார்ப்புக்கு என்று இப்போதே கெயாகிக் கன்றுகளையும் நட்டு வளர்க்கிறது கோயில்.

ஒசாகா வளையத்தைப் பற்றி 'ஓர் ஆணிகூட இல்லாமல் கட்டியது' என்று பயணக் குறிப்புகள் பல வியந்தன. அது சரியல்ல. இன்றைய கட்டட விதிகளின்படி, ஆயிரக்கணக்கானோர் ஏறி நிற்கும் எடையை மரத்தோடு மரம் உரசும் பிடிமானம் மட்டும் தாங்கிவிடாது. அதனால் பொருத்துகளுக்குள் உலோகத்தையும் சேர்த்தார்கள். கட்டுமானத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து மூன்று ஒப்பந்தக் குழுக்களிடம் ஒப்படைத்திருந்தார்கள். பொருத்தை வலுப்படுத்தும் விதத்தை ஒவ்வொரு குழுவும் தன் போக்கில் தீர்மானித்தது. எனவே ஒரே வளையத்தைச் சுற்றி வந்தாலும், உன்னிப்பாகப் பார்ப்பவருக்குப் பகுதிக்குப் பகுதி வேறுபாடு தெரிந்தது. மரத்திலும் கலப்பு உண்டு. ஏறத்தாழ 70 சதவீதம் சுகி, ஹினோகி ஆகிய உள்நாட்டு மரங்கள். ஃபுகுஷிமா மாகாணத்து சுகியும் இதில் அடக்கம். மீதி ஐரோப்பிய பைன். பழைய தச்சுக் கலை மீண்டு வந்துவிட்டது என்று கொண்டாடுவதைவிட, பழைய யோசனையை எஃகின் துணையோடு இந்த அளவுக்குப் பெரிதாக்க முடிந்தது என்பதே நியாயமான பாராட்டு.

மின்படிகளில் மேலே ஏறினால் புல்லும் பூச்செடிகளும் வளர்ந்த சரிவு, அதன் இருபுறமும் நடைபாதை. உள்ளே பார்த்தால் அரங்குகளின் கூரைகளும், வெளியே பார்த்தால் கடலும் தெரிந்தன. தென்மேற்கில் வளையத்தின் ஒரு பகுதி தண்ணீரின் மேலேயே நின்றது. மே மாதத்தில் கொசு போலவே இருக்கும், ஆனால் கடிக்காத யூசுரிகா என்ற பூச்சி கூட்டங்கூட்டமாக வந்து தூண்களில் அப்பிக்கொண்டது. விளம்பரப் படங்களில் அது இல்லை.

செலவு சுமார் 3,440 கோடி யென். ஆறே மாதக் கண்காட்சிக்கு இவ்வளவா என்று நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. உலகிலேயே விலை உயர்ந்த வெயில் குடை என்ற கேலியும் கிளம்பியது. கண்காட்சி தொடங்கியபின் 2.5 கோடிக்கும் அதிகமானோர் வந்து பார்க்க, கேலி மெல்ல அடங்கி, 'இடிக்காதீர்கள்' என்ற குரல் வலுத்தது. முழுதாகக் காப்பது நடக்கிற காரியமல்ல. தற்காலிகக் கட்டுமானமாகத் திட்டமிட்டதை நிரந்தரமாக்குவதற்குத் தனிப் பராமரிப்பும் பணமும் வேண்டும். கடைசியில், வடகிழக்கில் ஏறத்தாழ 200 மீட்டரை மட்டும் நிறுத்திவைத்துச் சுற்றிலும் பூங்கா அமைப்பது என்று முடிவாயிற்று. பிரித்தெடுக்கும் மரத்தில் ஒரு பங்கு, 2024 புத்தாண்டு நாளின் நிலநடுக்கத்தில் சிதைந்த நோத்தோ தீபகற்பத்தின் சுஸு நகரில், வீடிழந்தவர்களுக்கான குடியிருப்புகளுக்குப் போகும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது.